ரயிலே இல்லாத ஊர்க்காரன் எழுதுற ரயில் கேம் ரிவ்யூ

கிருஷ்ணகிரில ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. மாவட்டத் தலைநகரம்தான், ஹைவே எல்லாம் எங்க ஊர் வழியாத்தான் போகுது, மாங்கா லாரி வரிசை கட்டி நிக்குது, ஆனா ஒரு ரயில் பாக்கணும்னா தர்மபுரிக்கோ திருப்பத்தூருக்கோ பஸ் ஏறணும். ஸ்கூல் படிக்கும்போது தர்மபுரி மாமா வீட்டுக்கு லீவுக்கு போறதே ரயில் பாக்கத்தான். மாமா அப்ப டீசல் லோகோ பைலட், அதாவது ரயில் டிரைவர். ஸ்டேஷன் பக்கத்துலயே வீடு, நைட்டு பதினோரு மணிக்கு ஹார்ன் சத்தம் கேட்டா எழுந்து உக்காந்துக்குவேன், அத்தை திட்டுவாங்க.

இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, புதுசா ஒரு ரயில் சிமுலேட்டர் வரப்போகுதுன்னு டிரெய்லர் விட்டாங்க இல்ல, அதப் பாத்துட்டு எங்க செட்டு பசங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்ல, எனக்கும் சொல்றதுக்கு நெறைய இருக்கு. கேம் பேரு வேணாம், சொன்னா சண்டைக்கு வருவாங்க, அதுவும் இல்லாம இன்னும் வராத பொருள திட்றது நியாயம் இல்ல. அதனால ரிவ்யூ அதுக்கு இல்ல. அதப் பாத்த கடுப்புல நான் திரும்பிப் போய் உக்காந்த ஓப்பன் ரெயில்ஸ்ங்கற இலவச ரயில் சிமுலேட்டருக்குத்தான் ரிவ்யூ. ஆனா டிரெய்லர் கதைய சொல்லாம இதச் சொல்ல முடியாது.

போன ஞாயித்துக்கிழமை மாமா வீட்ல நாங்க நாலு பேரு. நான், பாலக்கோட்டுல இருந்து பெங்களூருல ஐடி வேலை பாக்குற ஃப்ரெண்டு, எங்க அக்கா பையன் பத்தாவது படிக்கிறவன், அப்பறம் மாமா. டிவில போட்டுப் பாத்தோம். மழை கண்ணாடில வழியுது, வைப்பர் ஓடுது, சாயங்கால வெயில் தண்டவாளத்துல மின்னுது, சத்தியமா அழகா இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. அக்கா பையன் என்னப் பாத்து 'மாமா இத வாங்கிடு'ன்னு அப்பவே குதிக்க ஆரம்பிச்சுட்டான். ஐடி ஃப்ரெண்டு ஒரு இடத்துல நிறுத்தி ஜூம் பண்ணி 'டேய், கேஜ்ல முள்ளு அசையுது பாரு'ங்கறான். நாங்க பாக்குறது அதத்தான். மழையும் வெயிலும் யாருக்கு வேணும், பிரேக் போட்டா பைப் பிரஷர் முள்ளு எப்படி இறங்குதுன்னு தெரியணும்.

முள்ளு இறங்குச்சு. ஆனா எப்படி? டப்புனு. நீளமான ஒரு குட்ஸ், நல்ல ஸ்பீடுல வருது, டிரைவர் ஹேண்டில இழுக்கறான், வண்டி ஷேர் ஆட்டோ மாதிரி நிக்குது. மாமா சிரிச்சாரு பாருங்க, டீ புரையேறிடுச்சு. 'மாப்ள, இந்த மாதிரி நின்னா எனக்கு பாதி முடி கொட்டியிருக்காதுடா'ன்னாரு.

அப்பறம் அவரு சொன்னதத்தான் இங்க எழுதணும்னு நெனச்சேன். நம்ம ரயில்ல ஏர் பிரேக்குன்னா இஞ்சின்ல இருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் ஒரு பைப்பு ஓடும், அதுல 5 கிலோ பிரஷர்ல காத்து நிக்கும். காத்து இருக்குற வரைக்கும் பிரேக் பிடிக்காது, காத்த வெளிய விட்டாத்தான் ஒவ்வொரு பெட்டிலயும் இருக்குற டேங்க் காத்து பிரேக் சிலிண்டருக்குப் போய் பிடிக்கும். டிரைவர் ஏ-நைன்ங்கற பிரேக் ஹேண்டில இழுத்தா காத்து இஞ்சின் பக்கம் இருந்து வெளிய போக ஆரம்பிக்கும், அந்த பிரஷர் இறங்குறது கடைசிப் பெட்டிக்கு போய்ச் சேர டைம் ஆகும், அதுவரைக்கும் முன்னாடி பெட்டி பிடிக்குது பின்னாடி பெட்டி தள்ளுது. திரும்ப ரிலீஸ் பண்ணா காத்து ஏறவும் டைம் ஆகும். இஞ்சினுக்கு மட்டும் தனி பிரேக் வேற இருக்கு, எஸ்ஏ-நைன். தர்மபுரில இருந்து சேலம் பக்கம் போகும்போது சிவாடி தாண்டி தொப்பூர் எறக்கம் வரும் இல்லயா, அங்க லோடு வண்டில அவசரப்பட்டு பிரேக்க போட்டு எடுத்து போட்டு எடுத்து விளையாண்டா காத்து ஏறுறதுக்கு டைம் கிடைக்காது, தேவைப்படும்போது பெட்டி டேங்க்ல பிரேக் பிடிக்கிற அளவுக்கு காத்து இருக்காது. 'எறக்கத்துல வண்டிய ஓட்டுறது நீ இல்ல மாப்ள, வெயிட்டு ஓட்டும், நீ அத கெஞ்சிக்கிட்டே கூட்டிட்டு வரணும்'ன்னாரு. தொப்பூர் கணவாய்ல ரோட்டுல நடக்குற லாரி ஆக்சிடென்ட் எல்லாருக்கும் தெரியும், பக்கத்துலயே ரயில் லைன்லயும் அதே மலைதான். 2021 நவம்பர்ல மழைக்கு பாறை உருண்டு கண்ணூர் - யஸ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது அந்த தொப்பூர் - சிவாடி நடுவுலதான், நல்ல வேளை உயிர்ச்சேதம் இல்ல.

சரி, இப்ப ஓப்பன் ரெயில்ஸ். தெரியாதவங்களுக்கு: 2001ல மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டர்னு ஒண்ணு வந்துச்சு. அத நான் முதல்ல பாத்தது கிருஷ்ணகிரில ஒரு பிரவுசிங் சென்டர்ல, மணிக்கு இருவது ரூபா, ஓனர் அண்ணன் யாருக்கோ போட்டு வச்ச சிடி. அதுல இருந்த ரூட்டு எல்லாம் இங்கிலாந்து, ஆஸ்திரியா, ஜப்பான், அமெரிக்கா. நம்மாளுங்க சும்மா இருப்பாங்களா, நம்ம இஞ்சின், நம்ம நீலப் பெட்டி, நம்ம ஸ்டேஷன் போர்டு எல்லாம் தாங்களே செஞ்சு சும்மா குடுத்தாங்க. ரெண்டாவது பாகம் வருதுன்னு 2003ல சொன்னாங்க, அடுத்த வருஷமே கைவிட்டாங்க. திரும்ப 2007ல வருதுன்னு சொன்னாங்க, 2009ல அத செஞ்சுட்டு இருந்த ஸ்டுடியோவையே மூடிட்டாங்க. ரெண்டு தடவ இலை போட்டு சாப்பாடு வராம எழுந்து வந்தவன் நான், இப்ப யாரு டிரெய்லர் விட்டாலும் எனக்கு நாக்குல எச்சில் ஊறாது.

அந்த பழைய கேமோட ரூட்டு, இஞ்சின் எல்லாம் வீணாப் போயிடக் கூடாதுன்னு கொஞ்சம் பேரு சேந்து செஞ்சதுதான் ஓப்பன் ரெயில்ஸ். காசு கிடையாது, புரோகிராம் கோடு யாரு வேணாலும் பாக்குற மாதிரி வெளிப்படையா இருக்கு, 2015ல ஒண்ணு பாயிண்ட் சைபர் வந்துச்சு, இன்னும் வேல நடக்குது. என்னோட லேப்டாப் எட்டு வருஷப் பழசு, அதுலயே ஓடுது. புது கேம் எல்லாம் இதுல போட்டா ஃபேன் சத்தமே டீசல் இஞ்சின் மாதிரி வரும்.

மாமாவ உக்கார வச்சேன். ஒரு ரசிகர் செஞ்ச நம்ம நாட்டு ரூட்டு, டீசல் இஞ்சின், பின்னாடி லோடு வேகன். கீபோர்டுல டி அழுத்துனா நாட்ச் (இஞ்சின் பவரோட படி) ஏறும், ஏ அழுத்துனா இறங்கும், பிரேக்குக்கு தனி கீ. அவருக்கு கீபோர்டு பிடிக்கல, 'என்னடா டைப்பிஸ்ட் வேல'ன்னாரு. ஆனா எஃப்5 அழுத்தி பிரேக் விவரம் வர்ற பக்கத்துக்கு போனதும் ஆளு மாறிட்டாரு. ஒவ்வொரு பெட்டிலயும் பைப் பிரஷர் எவ்வளவு, சிலிண்டர் பிரஷர் எவ்வளவுன்னு நம்பர் ஓடுது. பிரேக் போட்டாரு, முதல் பெட்டில இறங்குது, அப்பறம் அடுத்தது, அப்பறம் அடுத்தது, கடைசி வேகன்ல இறங்குறதுக்குள்ள அவரு கண்ணாடிய கழட்டி தொடச்சு மாட்டிக்கிட்டாரு. ஒண்ணும் சொல்லல. ரிலீஸ் பண்ணாரு, மெதுவா ஏறுது. 'ம்... இவனுக்கு தெரியுது'ன்னாரு. எவனுக்குன்னு கேக்கல நான். முப்பது வருஷம் வண்டி ஓட்டுன ஒருத்தரு வாயில இருந்து இந்த ஒரு வார்த்த வந்ததே எனக்கு போதும், இந்த ரிவ்யூவ இதோட முடிச்சாக்கூட தப்பில்ல.

முடிக்கல, ஏன்னா குறையும் சொல்லணும். மாமாவே ஆரம்பிச்சாரு: 'தண்டவாளம் ஏன்டா இவ்வளவு ஒல்லியா இருக்கு?' கரெக்ட்டா புடிச்சாரு. பழைய கேமோட வந்த டிராக் எல்லாம் வெளிநாட்டு அளவு, ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 1435 மில்லிமீட்டர். நம்மூர் பிராட் கேஜ் 1676. கிட்டத்தட்ட ஒரு சாண் கம்மி. நம்ம இஞ்சின் அது மேல நிக்கும்போது குண்டு ஆளு சின்ன சைக்கிள் ஓட்டுற மாதிரி இருக்கு. ஒருதடவ கண்ணுல பட்டுட்டா அப்பறம் அத மறக்கவே முடியாது, இத படிச்ச உங்களுக்கும் இனிமே அப்படித்தான், மன்னிச்சுக்கங்க.

அடுத்து சிக்னல். நம்ம லைன்ல ரெட்டை மஞ்சள்னு ஒண்ணு இருக்கு, அடுத்த சிக்னல் மஞ்சளா இருக்கும் தயாரா இருன்னு அர்த்தம். நல்லா உழைச்சு செஞ்ச ரூட்டுல அது சரியா வருது, அவசரத்துல செஞ்ச ரூட்டுல பச்சைல இருந்து நேரா சிவப்பு. அசிஸ்டென்ட் லோகோ பைலட்டுன்னு பக்கத்துல ஒருத்தர் உக்காந்து சிக்னல் பேர சத்தமா சொல்லுவாரு, டிரைவரும் திருப்பிச் சொல்லணும், அது நான் ஓட்டுன எந்த கேம்லயும் இல்ல. மாமா பழக்க தோஷத்துல சிக்னல் வந்தப்ப கைய நீட்டி 'டபுள் எல்லோ'ன்னு கத்திட்டாரு, நாங்க மூணு பேரும் பதில் சொன்னோம். ஐடி ஃப்ரெண்டு இன்னிக்கி வரைக்கும் போன எடுத்தா ஹலோ சொல்றதில்ல, டபுள் எல்லோதான்.

டிரைவர் தூங்காம இருக்குறதுக்கு வச்ச மெஷினப் பத்தியும் கேட்டேன். நிஜ இஞ்சின்ல 60 செகண்டு எதையும் தொடாம இருந்தா லைட்டு மின்னும், கண்டுக்கலன்னா பஸ்ஸர் அடிக்கும், அதுக்கும் அசையலன்னா பிரேக் தானா விழுந்துடும். ஓப்பன் ரெயில்ஸ்ல இஞ்சின் செஞ்சவரு அத போட்டிருந்தா வேல செய்யும், இல்லன்னா இல்ல. இதோட பலமும் அதுதான் வியாதியும் அதுதான், எல்லாமே செஞ்சவரு கையில. ஒரு இஞ்சின் சத்தம் கேட்டா மயிர்க்கூச்செறியும், இன்னொண்ணு மாவு மில்லு.

இன்ஸ்டால் பண்றது பெரிய ரோதனை. ஓப்பன் ரெயில்ஸ் தனியா ஈஸியா ஏறிடும். ரூட்டு, இஞ்சின், பெட்டி எல்லாம் நீங்கதான் தேடி எடுக்கணும். நான் ஒரு சைட்டுல இருந்து ஏழு ஜிப் ஃபைல் எடுத்தேன், ஆறு திறந்துச்சு, ஏழாவது பாதில செத்துப் போச்சு. ஒரு நைட்டு முழுக்க கோலம் போட்டு, கடைசில பாத்தா பிளாட்ஃபார்ம் இருக்கு ஆனா ஸ்டேஷன் கட்டடம் இல்ல, ஜனங்க மட்டும் காத்துல நிக்கறாங்க. எங்க தப்பாச்சுன்னு கேமே எழுதி வைக்கிற லாக் ஃபைல திறந்து எது காணோம்னு ஒவ்வொண்ணா பாக்கணும். பொறுமை இல்லாதவங்க இந்தப் பக்கம் வராதீங்க. அக்கா பையன் பதினஞ்சு நிமிஷத்துல எழுந்து போயிட்டான். அவனுக்கு வந்தே பாரத் வேணும், 2023 டிசம்பர் கடைசில ஆரம்பிச்ச கோவை - பெங்களூரு வண்டி தர்மபுரில நிக்குது, அத பிளாட்ஃபார்ம்ல பாத்ததுல இருந்து மத்த வண்டி எல்லாம் அவனுக்கு மாட்டு வண்டி. அந்த மாதிரி பசங்களுக்கு போன்ல ஓடுற இந்தியன் ட்ரெயின் சிமுலேட்டர் போதும், சென்னை கம்பெனி செஞ்சது, ஸ்டேஷன் பேரு எல்லாம் தெரிஞ்ச பேரு, ஜாலியா ஓட்டலாம். அதுல பிரேக் பைப்பு தேடாதீங்க.

வரப்போற புது கேம வாங்கலாமா? முன்பதிவு மட்டும் பண்ணாதீங்க. இந்த மாதிரி கேம்ல அடிப்படை கேம சல்லிசா குடுப்பாங்க, அப்பறம் ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒவ்வொரு இஞ்சினுக்கும் தனித்தனியா காசு. பண்டிகை சேல்ல பாதி விலைக்கு வரும், அதுவரைக்கும் யாராவது ஒருத்தர் முழுசா ஓட்டி வீடியோ போடுவாங்க, அதுல குட்ஸ் வண்டி நிக்குற இடத்த மட்டும் பாருங்க. அங்கயே தெரிஞ்சுடும். ஐடி ஃப்ரெண்டு கேக்கல, முன்பதிவு பண்ணிட்டான், வந்தா அவன் வீட்ல போய் ஓட்டிக்கலாம்.

நான் இப்ப வேற ஒரு வேலைல இறங்கிட்டேன். கிருஷ்ணகிரிக்கு ரயிலே வந்ததில்லன்னு நெனச்சுட்டு இருந்தேன், ஆனா வந்திருக்கு. 1905ல திருப்பத்தூர்ல இருந்து இங்க வரைக்கும் ரெண்டரை அடி அகல நேரோ கேஜ் ஓடுச்சு, அதே மாதிரி மொரப்பூர்ல இருந்து தர்மபுரிக்கு 1906ல, அது 1913ல ஓசூர் வரைக்கும் நீண்டுச்சு. பஞ்சம் வந்தா தானியம் கொண்டு வரணும்னு போட்ட லைனு. அப்பறம் ரெண்டையும் பிடுங்கிட்டாங்க. ஓப்பன் ரெயில்ஸுக்கு ரூட்டு செய்யுற எடிட்டர் இலவசமாவே இருக்கு, மலை மேடு எல்லாம் சேட்டிலைட் கணக்குல இருந்து எடுத்துக்கும். திருப்பத்தூர் முனைல இருந்து டிராக் போட ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு, நாலு கிலோமீட்டர் வந்திருக்கேன். பழைய லைன் எந்தப் பக்கம் வளைஞ்சு ஊருக்குள்ள வந்துச்சுன்னு வயசானவங்க யாராவது சொன்னா நல்லாருக்கும்.

மாமாகிட்ட காட்டுனேன். 'எறக்கம் எங்க வருது?'ன்னு மட்டும் கேட்டாரு.