பழைய தேக்கு என்று மலையேறி வந்த சில்வர் ஓக்: வீட்டில் பார் அமைப்போருக்கு ஓர் எச்சரிக்கை

சேலத்தில் இடித்த வீட்டுச் சாமான்களை வாங்கி விற்கும் வியாபாரி ஒருவர், எஸ்டேட் பங்களா ஒன்றைப் பிரித்தபோது கிடைத்த பர்மா தேக்கு என்று சொல்லி எங்களுக்கு விற்ற மரத்தில் பெரும்பகுதி தேக்கே அல்ல. பழைய மரமும் அல்ல. அது, ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்பட்டு மிளகுக்கொடி படர்ந்து நிற்கும் அதே சில்வர் ஓக். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கண்ணுக்குத் தெரியும் மரம், மலையிறங்கிப் போய்ச் சாயம் பூசிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித் தேக்கின் விலையில் எங்களிடமே திரும்பி வந்திருக்கிறது.

எங்கள் வீடு சரிவில் கட்டப்பட்டது. சாலை மட்டத்துக்குக் கீழே ஒரு பக்கம் மண்ணை ஒட்டியும் மறுபக்கம் பள்ளத்தாக்கைப் பார்த்தும் இருக்கும் அறையை, பழைய உத்திரங்களும் சீமை ஓடுகளும் கொண்ட நாட்டுப்புறத் தோற்றமுள்ள ஒரு சிறிய பாராக மாற்ற விரும்பினோம். (என் மாமியாரிடம் அது காபி கவுன்ட்டர் என்றே சொல்லப்பட்டிருக்கிறது.) கவுன்ட்டரின் மேல்பலகை, பின்சுவர் அலமாரி, கால் வைக்கும் கட்டை ஆகிய மூன்றுக்கும் மரம் தருவதாக அந்த வியாபாரி ஒப்புக்கொண்டு, பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

பலகையின் அடிப்பக்கத்தை ஆசாரி இழைத்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. மேலே இருந்த கரும்பழுப்பு நிறம் இழைப்புளியின் இரண்டாவது இழுப்பிலேயே சுருளோடு போய்விட, உள்ளே வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில், சல்லாத் துணியை விரித்ததுபோல் மினுமினுக்கும் புள்ளிகள் தெரிந்தன. "இது தேக்கு இல்லைங்க சார், நம்ம தோட்டத்து சில்வர் ஓக்குங்க" என்றார் அவர். சில்வர் ஓக்கை ஆரப்போக்கில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி, அறுத்தால் அந்தப் புள்ளிகள் தெளிவாகத் தெரியும். தேக்கில் அப்படித் தெரியாது. தேக்கின் வெட்டுமுகத்தில் ஆண்டு வளையங்களை ஒட்டிப் பெரிய துளைகள் வரிசையாக இருக்கும். வைரம் எனப்படும் உள்மரத்தைப் புதிதாக இழைத்தால் பழைய தோலின் வாசனை வரும், தொட்டால் மெழுகு தடவியதுபோல் வழுக்கும். எடையை மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பதால், பலகையைத் தூக்கிப் பார்த்துத் திருப்தியடைவதில் பயனில்லை.

பழமையை எப்படி உண்டாக்கியிருந்தார்கள் என்பதையும் ஆசாரி காட்டினார். மேற்பரப்பைத் தீயால் லேசாகக் கருக்கி, கம்பித்தூரிகையால் தேய்த்து, சங்கிலியால் அடித்துத் தழும்புகள் உண்டாக்கி, அங்கங்கே ஆணி அடித்துப் பிடுங்கியிருந்தார்கள். அந்த ஆணித் துளைகளே அவர்களைக் காட்டிக் கொடுத்தன. பல ஆண்டுகள் இரும்பாணி தங்கிய மரத்தில், இரும்பும் மரத்தின் துவர்ப்புப் பொருளும் ஈரத்தில் சேர்ந்து, துளையைச் சுற்றிக் கறுப்புக் கறை ஆழமாக ஊறியிருக்கும். எங்களுக்கு வந்த பலகைகளிலோ துளைகளின் உட்புறம் பளிச்சென்று வெளுத்திருந்தது. அடிப்பக்கத்தில் வட்டரம்பத்தின் வளைந்த கோடுகளும் இருந்தன. கையால் அறுத்த பழைய உத்திரத்தில் அவை இருக்க வழியில்லை.

அளவிலும் ஏமாற்று நடந்திருந்தது. மரத்தின் கன அடியைக் கணக்கிட, அடியில் உள்ள நீளத்தை அங்குலத்தில் உள்ள அகலத்தாலும் கனத்தாலும் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். ஏழரை அடி நீளம், 9 அங்குல அகலம், இரண்டரை அங்குலக் கனம் உள்ள பலகை ஏறத்தாழ 1.17 கன அடிதான். அதையே வியாபாரி 8 அடி, 10 அங்குலம், 3 அங்குலம் என்று எழுதி 1.67 ஆக்கியிருந்தார். "அரை அங்குலம்தானே" என்று ஒவ்வொன்றும் சின்னதாகத் தோன்றினாலும், மூன்றும் சேரும்போது நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடுதலாகப் பணம் போகிறது. இது போதாதென்று மரங்களை இணைக்கக் குடைந்த கழுந்துத் துளைகளும் உளுத்துப்போன முனைகளும்கூடக் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தன.

அவர் கொடுத்தவற்றில் உண்மையாகவே பழையவை, கால் வைப்பதற்கென்று தந்த, தண்டவாளத்துக்கு அடியில் கிடத்தும் ரயில் ஸ்லீப்பர் கட்டைகள் மட்டுமே. மீட்டர்கேஜ் கட்டைக்குரிய 180 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் சரியாகவே இருந்தன. ஆனால் அறையைப் பூட்டி வைத்திருந்து திறந்தால் தார் நாற்றம் முகத்தில் அடித்தது. தேவதாரு, பைன் போன்ற மென்மரக் கட்டைகள் உளுக்காமல் இருக்க, நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் கிரியோசோட் எண்ணெயை ஏற்றுவது ரயில்வேயின் பழைய வழக்கம். அது புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. ஐரோப்பிய நாடுகளில் அந்த எண்ணெய் ஏற்றிய மரத்தைக் கட்டடத்துக்குள் பயன்படுத்தத் தடை உள்ளது. காற்றோட்டம் குறைந்த கீழ்த்தளத்தில், உண்பதும் குடிப்பதும் நடக்கும் இடத்தில், அது இருக்கவே கூடாது. இதைச் சொன்னபோது, "சாம்பிராணி போடுங்க, வாசனை போயிடும்" என்பதே வியாபாரியின் பதில். என்னைப் பொறுத்தவரை, போலித் தேக்கைவிட இந்தப் பதில்தான் மோசமானது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அவர் ரசீதைக் காட்டினார். அதில் "பழைய மரம்" என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறு விவரம் இல்லை. தேக்கு என்று தான் எழுதிக் கொடுக்கவே இல்லை என்கிறார். பலகை ஒன்றுக்கு ஓர் அளவு, மரத்தின் பெயர், கன அடி விலை ஆகிய மூன்றும் ரசீதில் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மரத்தை ஏற்றும் முன்பு உங்கள் ஆசாரியைக் கடைக்கு அழைத்துச் சென்று, ஒவ்வொரு கட்டையிலும் உள்ளங்கை அகலம் இழைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் வாங்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்யலாம். அதில் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. எங்கள் புகார் இப்போது சேலம் மாவட்ட ஆணையத்தில் இருக்கிறது. இழைத்த பலகை ஒன்றையும், பேரம் பேசியபோது "ஒரிஜினல் பர்மா தேக்கு" என்று அவரே வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியையும் சான்றாகக் கொடுத்திருக்கிறோம்.