நோர்வீஜியக் கூட்டுச்சொற்கள்: ஒஸ்லோ உச்சரிப்பா, பெர்கன் உச்சரிப்பா?

நோர்வீஜிய மொழியில் 'வின்தெர்' என்றால் குளிர்காலம், 'தெக்' என்றால் டயர் (இந்தத் தெ, 'இந்தெ' என்பதுபோல் மெலிந்து ஒலிக்கும்). இரண்டையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதினால் குளிர்கால டயர். சொற்கள் ஒட்டும் அந்த இடத்தை எப்படி ஒலிப்பது என்பதில்தான் கிழக்கே ஒஸ்லோவும் மேற்கே பெர்கனும் பிரிகின்றன.

ஒஸ்லோவில் ர், தன்னை அடுத்து வரும் த, ந, ல, ஸ ஆகியவற்றை நாக்கு மடியும் ஒலிகளாக, அதாவது ட, ண, ள, ஷ என்று மாற்றிவிட்டுத் தான் மறைந்துவிடும். 'கத்' பூனை, 'கட்' வரைபடம். இரண்டாவதில் ர் எழுத்தில் உண்டு, ஒலியில் இல்லை. பத்து, பட்டு என்று சொல்லி வளர்ந்த நாக்குக்கு இது பெரிய வரம். சொல்லுக்குள் மட்டுமல்ல, இரு சொல் ஒட்டும் இடத்திலும் இது நடக்கும்: கண்ணும் நீரும் சேர்ந்து கண்ணீர் ஆவதுபோல் குளிர்கால டயர் 'வின்தெடெக்' ஆகும். 'ஸ்கூ' என்ற காலணி சேர்ந்தால் 'வின்தெஷ்கூ'.

பெர்கனில் ர் தொண்டையில் பிறக்கிறது. அது நாக்கு நுனியில் பிறக்கும் த, ஸ ஆகியவற்றோடு கலக்க வழியில்லை. ஆகவே எழுத்தில் உள்ளபடி 'வின்தெர்தெக்'. எங்கே ஒட்டியிருக்கிறது என்பது காதுக்குத் தெளிவாகத் தெரியும், எழுத்துக்கூட்டலும் எளிதில் பிடிபடும். ஆனால் மெய்கள் குவியும்போது சிக்கல். வேக வரம்பைக் குறிக்கும் சொல்லில் 'ஃபர்த்', இணைப்பு 'ஸ்', 'க்ரென்ஸெ' என மூன்று பகுதிகள். நடுவில் ஐந்து மெய்கள் வரிசையாக நிற்கும். ஒஸ்லோவில் முதல் ர் கரைந்து 'ஃபட்ஷ்க்ரென்ஸெ'. பெர்கனில் ஐந்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ் நாக்கு அங்கே உகரங்களைச் செருகும்: 'ஃபர்துஸு'. அசைகள் கூடிவிடும். இந்த மொழியில் 'எ' என்ற இணைப்பு அசையே உண்டு என்பதால் செருகிய உயிர் கேட்பவரைக் குழப்பும். மழலையர் பள்ளியான 'பார்ன்-எ-ஹாகெ'யில் வருவது அந்த எகரம்தான். (ஒஸ்லோவில் அது 'பாணெஹாகெ'.)

மெட்டும் வேறு. ஒஸ்லோவில் 'பாணெஹாகெ' உயரத்தில் தொடங்கி, இறங்கி, கடைசியில் ஏறும். கேள்வி கேட்பதுபோல் தோன்றும், ஆனால் கேள்வி அல்ல. பெர்கனில் கடைசி இறங்கும்.

இரண்டு ஊருக்கும் பொதுவானவற்றில் அழுத்தம்தான் முக்கியம்: முதல் பகுதியில் முழு அழுத்தம், இரண்டாவதில் சற்றுக் குறைவு. 'லம்மெலோர்' ஆட்டுக்குட்டித் தொடைக்கறி. இரண்டுக்கும் சம அழுத்தம் கொடுத்துப் பிரித்தால் 'செயலிழந்த தொடைகள்' ஆகிவிடும். நெடிலும் குறிலும் மாறாது. 'மாத்', 'ரெத்' சேர்ந்த உணவுவகைச் சொல்லை 'மாத்-ரெத்' என்றே வெட்ட வேண்டும், 'மா-த்ரெத்' அல்ல. இரவு ரயிலான 'நத்தோக்'கில் மூன்று 'த்' வர வேண்டிய இடத்தில் இரண்டே எழுதுவார்கள்; வரி முடிவில் உடைத்தால் மூன்றாவது திரும்ப வரும்.

தமிழருக்கு நாங்கள் சொல்வது ஒஸ்லோ வழிதான். பேச்சுக்கென்று அரசு வகுத்த ஒரே வடிவம் நோர்வேயில் இல்லை; பெர்கனில் குடியிருந்தாலும் ஒஸ்லோ ஒலியோடு தாராளமாகப் பேசலாம். எழுத்தைப் பார்த்து 'வின்தெர்டெக்' என்று ர், ட இரண்டையும் சேர்த்துச் சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள். அது இரண்டு ஊரிலும் இல்லாத ஒலி. ட வந்தால் ர் போக வேண்டும்.