தீவில் படித்தவர்களுக்கு ஒரு படகுச் சவாரி: டர்பன் துறைமுக அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் விருந்துகளுக்கு வாடகைக்கு விடப்படும் படகு ஒன்றைச் சென்ற புரட்டாசி மாதத்தில், ஒரு வியாழக்கிழமை காலையில், இரண்டு மணி நேரத்திற்கு எடுத்திருந்தோம். பிறந்தநாள் விழாக்களுக்கும் அலுவலகக் கும்மாளங்களுக்கும் பேர்போன படகு அது. அன்று அதில் ஏறிய 21 பேரில் 14 பேர் 75 வயதைத் தாண்டியவர்கள். என் மாமனாரோடு 1966-ஆம் ஆண்டில் கல்லூரியில் சேர்ந்தவர்கள். மற்றவர்கள் கணவன்மாரும் மனைவிமாரும், கார் ஓட்டிக்கொண்டு வந்த என்னைப் போன்ற மகன், மகள், மருமகள்களும். இத்தகைய கூட்டத்திற்கு அந்தப் படகு ஏற்றதா என்று பலர் கேட்பதால் இதை எழுதுகிறேன். சில குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

மண்டபம் பிடிக்காமல் படகு பிடித்ததற்குக் காரணம் உண்டு. இவர்கள் படித்தது துறைமுகத்தின் நடுவே இருக்கும் சாலிஸ்பரி தீவில். 1959-இல் வந்த சட்டம் ஒன்று, வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் கதவுகளை மற்றவர்களுக்குச் சாத்திவிட்டு, ஒவ்வோர் இனத்திற்கும் தனித்தனிக் கல்லூரி என்று வகுத்தது. அதற்கு இட்ட பெயர் என்னவோ ‘பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம்’. அதன்படி இந்தியர்களுக்கென்று 1961-இல் தொடங்கிய கல்லூரிக்குக் கடற்படை விட்டுச்சென்ற பழைய கட்டடங்களை ஒதுக்கினார்கள். மாணவர்கள் படகில் போய்ப் படகில் திரும்பினார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் கல்லூரி வெஸ்ட்வில் மேட்டுக்கு இடம்பெயர்ந்து டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமானது. 2004-இல் அதுவும் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாஸுலு-நட்டால் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. மாமாவின் பட்டச் சான்றிதழில் இருப்பதோ தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயர். அக்காலத்தில் அந்தக் கல்லூரி மாணவர்களுக்குப் பட்டம் வழங்கும் உரிமை அதற்குத்தான் இருந்தது. ஆகவே பழைய மாணவர் கூட்டம் என்று எங்கிருந்து அழைப்பு வந்தாலும், “இது நம்ம காலேஜ் இல்லையேம்மா” என்று மாமா உறையைத் திருப்பி வைத்துவிடுவார். தீவுக்குள் இப்போது நினைத்தபடி போக முடியாது. ஒரு பக்கம் கடற்படையும் மறுபக்கம் கொள்கலன் முனையமும் இருக்கின்றன. தண்ணீரில் நின்று பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

முதலில் ஏறும் வசதி. படகுத்துறையிலிருந்து தளத்திற்கு மூன்று இரும்புப் படிகள்; ஒரு பக்கம் மட்டுமே கைப்பிடி. முழங்கால் அறுவை செய்துகொண்ட இருவருக்கு அது பெரும்பாடாக இருந்தது. ஆனால் பணியாளர்களான இரண்டு சூலு இளைஞர்கள், “பாபா, மெதுவாக” என்று ஒவ்வொருவரையும் கைத்தாங்கலாக ஏற்றி, நாற்காலியில் அமர்த்தும் வரை கையை விடவில்லை. இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் தருவேன். கழிப்பறை ஒன்றே ஒன்று; கீழ்த்தளத்தில், குனிந்து நுழையும்படி இருக்கிறது.

அடுத்தது சத்தம். படகு கிளம்பியதும் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் நடனப் பாட்டு முழங்கத் தொடங்கியது. செவித்துணைக் கருவி அணிந்திருந்த ஓர் அங்கிள் அதைக் காதிலிருந்து கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். குறைக்கச் சொன்னேன், குறைத்தார்கள், பத்து நிமிடத்தில் மீண்டும் ஏறியது. மூன்றாவது முறை நானே போய் நின்ற பிறகுதான் நிறுத்தினார்கள். அரை நூற்றாண்டுக்கு முந்தைய பேச்சைப் பேச வருபவர்களுக்குப் பாட்டு எதற்கு என்று அந்த நிறுவனத்தில் யாருக்கும் தோன்றவில்லை. பின்தளத்தில் எஞ்சின் இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது. முன்தளத்தில் காற்று அடித்தாலும் பேச்சு கேட்கும். சால்வை எடுத்துப் போங்கள்.

வழிகாட்டியின் விளக்கம் தெளிவாகத்தான் இருந்தது. பேஹெட் பக்கத்துச் சதுப்புநிலக் காடு, நடுவிலுள்ள மணல்திட்டு, பளு தூக்கிகள், கப்பல்கள் எல்லாவற்றையும் சொன்னார். தீவு வந்தபோது, “இது கடற்படைத் தளம்” என்ற ஒற்றை வாக்கியத்தோடு அடுத்த கப்பலுக்குப் போய்விட்டார். “நாங்கள் படித்த இடம் அது!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. வழிகாட்டிப் பையனுக்கு அது புதுச் செய்தி. தயங்கினாலும் மைக்கை நீட்டினான். கேப்டனும் எஞ்சினைத் தணித்துப் படகை ஏறக்குறைய 20 நிமிடம் அங்கேயே மிதக்க விட்டார். கொடுத்த பணத்திற்கு ஈடு அந்த 20 நிமிடம்தான்.

மாமா பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை எடுத்தார். பயணப் படகின் கம்பியைப் பிடித்தபடி ஒன்பது பேர்; ஒருவருடைய டை காற்றில் பறந்து பக்கத்தில் நிற்பவரின் வாயை மறைத்திருக்கிறது. வாய் மறைந்தவர் அன்று எங்களோடு இருந்தார், டைக்குரியவர் இல்லை. படம் கை மாறி மாறிச் சென்றது. ஒவ்வொருவரும் பெயர்களைச் சொல்ல, ஒரு பெயரில் மட்டும் சண்டை வந்து தீராமலே போயிற்று.

பேச்சு முழுவதும் இனிப்பாகவே இருந்தது என்று சொல்ல மாட்டேன். ‘புஷ் காலேஜ்’ என்று வெளியார் இகழ்ந்த கல்லூரி அது; அங்கே சேரக் கூடாது என்று சமூகத்திலேயே பலர் சொன்னார்கள். ஓர் ஆன்ட்டியின் தந்தை அந்தப் புறக்கணிப்பை மதித்து அவரை ஓராண்டு வீட்டில் நிறுத்திவிட்டு, வேறு வழியில்லாமல் மறு ஆண்டு அனுப்பினாராம். “அந்த ஒரு வருஷத்துக்கு யார்மேல கோபப்படணும்னு இன்னைக்கும் தெரியல” என்றார் அவர். அரசு விரும்பிய வடிவில் மாணவர் பேரவை அமைக்க மறுத்ததைப் பெருமையோடு சொன்னார்கள். இங்கே படித்துப் பின்னாளில் நிறவெறியை எதிர்த்ததற்காக, அரசியல் கைதிகளை அடைத்த ராபன் தீவில் சிறையிருந்த ஸ்ட்ரினி மூட்லியின் பேச்சும் வந்தது. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவு என்று யாரோ முணுமுணுத்தார்கள். கொஞ்ச நேரம் எவரும் பேசவில்லை.

உணவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. புரட்டாசி என்பதால் 21 பேருக்கும் சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, உறுதியும் பெற்றிருந்தோம். வந்தவை ஆறு தட்டுகள்; நான்கில் கோழி. காய்கறிச் சமூசாவும் சில்லி பைட் என்னும் காரப் பக்கோடாவும் கோழித்துண்டுகளோடு ஒட்டிக் கிடந்தன. இந்த ஊர்த் தமிழர் வீடுகளில் புரட்டாசி எவ்வளவு கண்டிப்பானது என்பது டர்பனில் உணவுத் தொழில் நடத்துபவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நல்லவேளையாக ஓர் ஆன்ட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று ரொட்டியில் பீன்ஸ் கறியைச் சுருட்டி, அலுமினியத் தாளில் பொதிந்து, பை நிறையக் கொண்டுவந்திருந்தார். ஆளுக்கொன்று கிடைத்தது. புகார் எழுதினேன், மூன்று வாரம் கழித்து உணவுக்கான தொகையில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். மன்னிப்புக் கடிதத்தில் ‘உங்கள் உணவு விருப்பங்கள்’ என்று இருந்ததைப் படித்து மாமா சிரித்தார்.

படகு வாடகை 6,500 ரேண்ட்; உணவு தனி; பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும். சனி, ஞாயிறுகளில் கூடுதலாகக் கேட்கிறார்கள். இரண்டு மணி நேரம் என்பது கறாரான இரண்டு மணி நேரம். கரைக்குத் திரும்பத் தொடங்கியபோது, இன்னும் அரை மணி நேரம் சுற்ற முடியுமா என்று கேட்டோம். 1,000 ரேண்ட் ஆகும் என்றார்கள். கணக்கு வழக்கு பார்க்கும் அங்கிள், கல்லூரி நாளிலிருந்தே கைவிடாத கஞ்சத்தனத்திற்குப் பெயர் பெற்றவர். எவரையும் கேட்காமல் தன் அட்டையை எடுத்து நீட்டிவிட்டார்.

ஏப்ரலுக்கு அதே படகைப் பேசியிருக்கிறோம். பாட்டு வேண்டாம் என்பதை எழுத்தில் வாங்கியாகிவிட்டது. சாப்பாடு எங்களுடையது.