குழந்தைகளுக்கான ‘கிஃப்ட் டேக்’ பெட்டி: வெள்ளை அட்டைகளுக்காக வாங்கலாம்

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது எழுதுபொருள் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் குழந்தைகளே ‘கிஃப்ட் டேக்’ செய்வதற்கான பெட்டிகள் விற்பனைக்கு வந்துவிடுகின்றன. உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கேக்கும் முறுக்கும் அதிரசமும் கொடுத்தனுப்பும்போது அவற்றின்மேல் கட்டும் பெயரட்டைகளைத் தாங்களே செய்யப்போவதாக ஆறு வயது மகளும் ஒன்பது வயதான அண்ணன் மகனும் அறிவித்துவிட்டதால், 349 ரூபாய்க்கு அப்படியொரு பெட்டியை வாங்கினேன். படம் அச்சிட்ட அட்டைகள், வெள்ளை அட்டைகள், ஸ்டிக்கர்கள், ஜிகினாத் தூள், ஒற்றைத் துளை போடும் பஞ்சிங் மெஷின், சணல் கயிறு ஆகியவை அதில் உள்ளன.

பெட்டியின் மேலட்டை பெருமையாகக் காட்டுவது அச்சிட்ட அட்டைகளைத்தான். ஆனால் அவையே இதன் பலவீனம். பனிபடர்ந்த மரமும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் முன்பே அச்சாகிவிட்டதால், ஸ்டிக்கர் ஒட்டுவதைத் தவிரக் குழந்தைக்கு வேலை எதுவும் மிச்சமில்லை. மேற்பரப்பு பளபளப்பாக இருப்பதால் ஸ்கெட்ச் பேனாவின் மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கிறது. மகள் ‘பெரியம்மாவுக்கு’ என்று எழுதி முடிப்பதற்குள் முதல் இரண்டு எழுத்துகள் அவளுடைய உள்ளங்கைக்கு இடம் மாறிவிட்டன. பெறுபவர் பெயருக்கென விடப்பட்ட கோடும் கட்டைவிரல் நீளம்தான். ‘பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும்’ என்று எழுத நினைக்கும் பிள்ளை அங்கே என்ன செய்யும்?

வெள்ளை அட்டைகள் அப்படியல்ல. விசிட்டிங் கார்டைப் போன்ற விறைப்பு, இரு புறமும் பூச்சில்லாத சொரசொரப்பு, வண்ணம் பட்டாலும் சுருளாத கனம் என்று எல்லாம் சரியாக அமைந்திருக்கின்றன. பெட்டியில் தரப்பட்ட எதையும் தொடாமல், சமையலறையிலிருந்து வெண்டைக்காயை எடுத்துக் குறுக்கே நறுக்கி, போஸ்டர் கலரில் தொட்டு அச்சுப் பதித்தோம். அதன் ஐந்து மூலைகளும் அட்டையில் நட்சத்திரமாக விழுவதால் கிறிஸ்துமஸுக்கு இதைவிடப் பொருத்தமான அச்சுக்கட்டை கிடையாது. நறுக்கிய முகத்தைத் துணியில் ஒற்றி, வழவழப்பை எடுத்த பிறகே வண்ணத்தில் தொட வேண்டும்; இல்லாவிட்டால் நட்சத்திரம் பரவிக் குளமாகிவிடும். வண்ணத்தையும் தண்ணீர் கலக்காமல் கெட்டியாகவே வைத்துக்கொள்வது நல்லது.

ஜிகினாத் தூள் பொட்டலத்தை நான் பிரிக்கவே விடவில்லை. தின்பண்டப் பெட்டியின்மேல் கட்டப்போகும் அட்டையில் உதிர்கிற பிளாஸ்டிக் துகளுக்கு என்ன வேலை? நுண்பிளாஸ்டிக் என்ற காரணத்தால் இத்தகைய உதிரித் தூள் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் தடைசெய்துவிட்டது. இங்கே குழந்தைகளுக்கான பெட்டியிலேயே போட்டுத் தருகிறார்கள்.

பஞ்சிங் மெஷின் வெறும் பிளாஸ்டிக். சாதாரணத் தாளைத் துளைக்கும். இதே பெட்டியில் வரும் கனமான அட்டையைத் துளைக்கப் பெரியவர் கைக்கே பலம் போதவில்லை. கோப்புகளுக்குத் துளையிடும் இரும்பு மெஷினால்தான் வேலை நடந்தது. துளையை ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, வண்ணம் பூசுவதற்கு முன்பே போட்டுவிட்டால், அட்டை கிழியாது. பதித்த நட்சத்திரத்தின் நடுவே ஓட்டையும் விழாது.

சணல் கயிற்றைப் பாராட்டத்தான் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குள்ள முறுக்குப் பொட்டலத்தில் சாட்டின் ரிப்பன் வழுக்கிக்கொண்டு அவிழும். சணலில் குழந்தை போட்ட முடிச்சுகூட நின்றது.

சென்னையில் இருப்பவர்களுக்கு இந்தப் பெட்டியே தேவையில்லை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவின் காகிதக் கடைகளில் 250 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 250 கிராம்) கனத்தில், பூச்சில்லாத அட்டை என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஏ4 அளவுள்ள ஓர் அட்டையை 5 செ.மீ. அகலம், 9 செ.மீ. நீளம் என்று வெட்டினால் 12 பெயரட்டைகள் கிடைக்கும். வெட்டும் வேலை பெரியவர்களுடையது, நேரமும் பிடிக்கும். அதற்கு அவகாசமில்லாதவர்கள் மட்டும் இதைத் தள்ளுபடி விலையில் வாங்கி, அச்சிட்ட அட்டைகளைப் பின்புறமாகத் திருப்பிப் பயன்படுத்திக்கொள்ளலாம். பின்புறத்தில் பளபளப்பு இல்லை, மை நன்றாகவே பிடிக்கிறது.