கடலோர ஆர்.வி. முகாமில் சீசன் இடமா? சைட் எண் இல்லாமல் பணம் கட்டாதீர்கள்

ஆர்.வி.யை, அதாவது வீடு போல உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டியை, கடற்கரையோரம் ஒரே இடத்தில் நிறுத்தி சீசன் முழுக்கத் தங்கலாம் என்று முன்பணம் கட்டத் தயாராக இருக்கிறீர்களா? கட்டுவதற்கு முன்னால் ஒப்பந்தத்தில் உங்கள் சைட்டின், அதாவது வண்டி நிறுத்த ஒதுக்கும் இடத்தின், எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் போனில் சொன்னது, படத்தில் காட்டியது எதுவும் செல்லாது. எங்கள் பணம் போனது அந்த ஓட்டை வழியாகத்தான்.

கடலைப் பார்த்த வரிசை, 50 ஆம்பியர் மின்சாரம், குடிநீர்க் குழாய், கழிவுநீர் இணைப்பு, எல்லாம் உண்டு என்று விளம்பரத்தில் இருந்தது. முகாமில் முன்பதிவைக் கவனித்த அம்மா வரைபடத்தை அனுப்பி, ஒரு சைட்டைச் சுட்டிக்காட்டி, இதுதான் உங்களுக்கு என்றார். மின்னஞ்சலிலும் அதே எண். ஒப்பந்தத்தில் மட்டும் எண் இல்லை. "அதே வகையைச் சேர்ந்த ஓர் இடம்" என்று போட்டிருந்தது. ஏன் என்று கேட்டோம். எல்லோருக்கும் ஒரே படிவம்தான், உங்கள் எண் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, கவலை வேண்டாம் என்றார்.

சீசன் தொடங்கி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தச் சைட்டில் வேறு ஒருவருடைய வண்டி நின்றது. எங்களைப் பின்பக்கம் உப்பங்கழியை ஒட்டிய தாழ்வான வரிசைக்கு அனுப்பினார்கள். வண்டியின் நீளம் அடங்கினால் அது அதே வகை இடம்தானாம்! ஒரு பக்கத்து ஸ்லைடு-அவுட்டை (உள்ளே இடம் கூட வெளியே நீளும் வண்டிச் சுவர்ப் பகுதி) முழுதாகத் திறக்க முடியாதபடி மரம் ஒன்று நின்றது. அதைக் காட்டியபோது மேலாளர் வரைபடத்தை எடுத்துப் பார்த்து, மரம் வரைபடத்தில் இல்லையே என்றார். பதில் சொல்லத் தோன்றவில்லை.

கழிவுநீர்க் குழாயும் அங்கே கிடையாது. வாரம் ஒருமுறை தொட்டி லாரி வந்து கழிவறைக் கழிவு சேரும் பிளாக் டேங்க்கையும் கிரே டேங்க்கையும் உறிஞ்சிப் போகும், அதற்குத் தனிக் கட்டணம். சமையல், குளியல் தண்ணீர் சேரும் கிரே டேங்க் ஒரு குடும்பம் தங்கினால் வாரம் முழுக்கத் தாங்காது. லாரி வரும் நாளுக்காகக் குளியலைத் தள்ளிப்போட்டதெல்லாம் உண்டு.

மின்சாரம் இதைவிட மோசம். சாக்கெட் என்னவோ நான்கு ஓட்டையுள்ள 50 ஆம்பியர் சாக்கெட்தான். வட அமெரிக்க முறையில் இந்த இணைப்பில் 120 வோல்ட் கம்பிகள் இரண்டு வரும், மொத்தம் 12,000 வாட் எடுக்கலாம். 30 ஆம்பியர் இணைப்பில் கிடைப்பது 3,600 வாட்தான். அதனால்தான் இரண்டு ஏசி உள்ள வண்டிக்காரர்கள் 50 என்று அடித்துக் கேட்கிறார்கள். இங்கே வரிசை முழுவதற்குமே மெல்லிய கம்பி இழுத்திருந்தார்கள். காலையில் எல்லாம் சரியாக இருக்கும். மதியம் எல்லா வண்டியிலும் ஏசி ஓடத் தொடங்கியதும் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் 103, 102 என்று இறங்கும். வோல்ட் குறைந்தால் ஏசி கம்ப்ரஸர் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடேறும், நாளடைவில் எரிந்தும் போகும். நல்லவேளை, எங்கள் வண்டியில் இருந்த பாதுகாப்புக் கருவி 104 வோல்ட்டுக்குக் கீழே போனால் தானாகத் துண்டித்துவிடும் வகை. வண்டி பிழைத்தது, நாங்கள் வெந்தோம். இடம் பார்க்கப் போகிறவர்கள் காலையில் போகாமல், கூட்டமான ஒரு நாளின் மதியத்தில் போய் மீட்டரை வைத்துப் பாருங்கள்.

அப்புறம் தண்ணீர் வந்தது. பௌர்ணமியை ஒட்டிய ஒரு காலையில் படியிறங்கினால் கணுக்கால் அளவுக்கு நின்றது. மழை பெய்யவே இல்லை. அலுவலகத்தில் கேட்டதற்குக் குழாய்க் கசிவு, ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் தானாகவே வடிந்தது. இரவு மறுபடி ஏறியது. மறுநாள் காலை, முந்தைய நாளைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளி, மறுபடியும். நிலாவைப் பார்த்தா குழாய் கசியும்? பெரும்பாலான கடற்கரைகளில் ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறும். அதனால்தான் நாளுக்கு ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஏற்றம் இன்னும் அதிகம். தண்ணீர் வந்த வழியும் தெரிந்தது. மழைநீர் போக வைத்த வடிகால் வழியாகக் கடல்தான் திரும்பி மேலே வந்துகொண்டிருந்தது. பக்கத்து வண்டிக்காரர் சொன்னார், இந்த வரிசை ஒவ்வொரு சீசனும் இப்படித்தானாம். தெரிந்தவர்கள் யாரும் இங்கே எடுப்பதில்லை. மின்கம்பத்தின் அடிப்பாகம் முழங்கால் உயரத்துக்குத் துருப்பிடித்திருந்ததற்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

உப்புத் தண்ணீர் வற்றிப் போனாலும் அதோடு முடிவதில்லை. பிரேக், ஸ்பிரிங், அடியில் ஓடும் ஒயர் இணைப்புகள் என்று எங்கே பட்டாலும் அரிக்கத் தொடங்கும். நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவியே ஆக வேண்டும். தண்ணீரில் நின்றபடி மின்கம்பத்தைத் தொடவே கூடாது என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். முகாமில் யாரும் எங்களுக்கு அதைச் சொல்லவில்லை.

ஓத அட்டவணை இலவசமாகவே கிடைக்கிறது. நீங்கள் தங்கப்போகும் மாதங்களில் மிக உயர்ந்த ஏற்றம் எந்தத் தேதிகளில் என்று பார்த்து, அந்தத் தேதியைச் சொல்லியே முகாமில் கேளுங்கள்: அன்று என் சைட்டில் தண்ணீர் நிற்குமா? பதில் எழுத்தில் வேண்டும். புயல் காலத்தைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். அட்லாண்டிக் பக்கம் அது ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. கோடைச் சீசன் பெரும்பாலும் அதற்குள்தான் வரும். வெளியேறச் சொன்னால் அந்த நாள்களுக்குப் பணம் திரும்புமா என்ற வரி எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது: திரும்பாது.

மின்கட்டணத்திலும் கை வைத்தார்கள். சீசன் சைட்டில் மின்சாரத்துக்கு மீட்டர்படி தனியாகக் கட்டுவது வழக்கம்தான், அதில் தப்பில்லை. ஆனால் நாங்கள் வந்த நாளில் மீட்டரைப் படம் எடுக்கப் போனபோது அது பூட்டிய பெட்டிக்குள் இருந்தது, சாவி அலுவலகத்தில். தொடக்க அளவு என்று பில்லில் அவர்கள் போட்டது நாங்கள் வருவதற்கு முந்தைய மாதத்து எண். அதாவது யாரோ எரித்த மின்சாரமும் எங்கள் தலையில்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது கையெழுத்தைக் காட்டினார்கள். முதல் தவணையை கார்டில் கட்டியிருந்தோம். இரண்டாவதை வங்கிப் பரிமாற்றமாகத்தான் வாங்குவோம் என்று அவர்கள் பிடிவாதமாக நின்றதன் காரணம் இப்போது விளங்குகிறது: கார்டில் கட்டியதை வங்கி மூலம் எதிர்த்துக் கேட்கலாம், பரிமாற்றத்தில் அது ஏறக்குறைய முடியாது. கார்டிலும் காலக்கெடு உண்டு. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பல வகைப் புகார்களுக்கு 120 நாள். சொன்ன சேவை கிடைக்காத புகாரில் அந்தக் கணக்கு பணம் கட்டிய நாளிலிருந்து அல்லாமல், சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து தொடங்கலாம். பல மாதம் முன்பே பணம் வாங்கிவிடும் இந்தத் தொழிலில் இது முக்கியம், கெடு முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாமல் வங்கியில் கேளுங்கள்.

முதல் முறை வங்கி எங்கள் புகாரை ஏற்கவில்லை, ஒப்பந்தத்தில் எண் இல்லை என்ற அதே காரணம். இரண்டாவது முறை எண் போட்டிருந்த மின்னஞ்சல், தண்ணீர் நின்ற படங்கள், அந்தந்த நேரத்தின் ஓத அட்டவணை மூன்றையும் சேர்த்து அனுப்பினோம். கார்டில் கட்டிய தவணை திரும்ப வந்தது. பரிமாற்றத்தில் போனதும் மின்கட்டணமும் வரவில்லை. அதற்கு நுகர்வோர் புகார் போட்டிருக்கிறோம்.