ராஜஸ்தான் பாலைவனப் பயணத்துக்குப் பணம் கட்டும் முன்: எங்கள் ஒன்பது பேருக்கு நேர்ந்தது

வரும் அரையாண்டு விடுமுறைக்கு ராஜஸ்தான் போகலாம் என்று நம் ஊர்ப் பக்கம் பலர் இப்போதே பேசத் தொடங்கியிருப்பதால், சென்ற டிசம்பரில் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். கோவையில் உள்ள ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் ஒன்பது பேருக்கு 3,07,125 ரூபாய் கொடுத்துவிட்டு, எந்தக் காட்டைப் பார்க்கப் போனோமோ அந்தக் காட்டின் வாசலில் எங்கள் பெயரில் ஓர் அனுமதிச் சீட்டுகூட இல்லாமல் நின்றோம். வழக்கு நடப்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை.

எங்கள் வீடு சென்னிமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்குப் போய்ப் பறவைகளைக் குறித்து வைத்துக்கொள்பவள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்த கானமயில் என்ற பெரிய பறவை இன்று பெரும்பாலும் ராஜஸ்தானின் பாலைவனத்தில்தான் மிஞ்சியிருக்கிறது என்று படித்ததிலிருந்து அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். என் அண்ணன் மகனுக்கோ புலியைப் பார்க்க வேண்டும். ஆகவே அண்ணன் குடும்பம், எங்கள் குடும்பம், 71 வயதான அம்மா என்று ஒன்பது பேரும் ஜெய்ப்பூரில் இறங்கி, பரத்பூர், ரணதம்போர், ஜெய்சல்மேர் சுற்றி ஜோத்பூரிலிருந்து ஊர் திரும்புவது என எட்டு நாள் திட்டம் போட்டோம். விமானச் சீட்டை நாங்களே எடுத்தோம். தரைவழிப் பயணம் முழுவதையும், உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் அறிமுகமான அந்த ஏற்பாட்டாளர் ஏற்றுக்கொண்டார்.

தலைக்கு 32,500 ரூபாய் என்றும் அதன்மேல் 5 விழுக்காடு ஜிஎஸ்டி என்றும் சொன்னார். வண்ணப் படங்களுடன் பயணத் திட்டத்தை அனுப்பினார். பணத்தை இரண்டு தவணையாக, நிறுவனத்தின் கணக்குக்கு அல்லாமல் அவருடைய சொந்த எண்ணுக்கே ஜிபே செய்தோம். வரி என்று 14,625 ரூபாய் வாங்கியவர் ஜிஎஸ்டி எண் போட்ட ரசீது கொடுக்கவில்லை. கேட்டபோதெல்லாம் ஆடிட்டரிடம் இருக்கிறது என்றார். தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கி 15 இலக்கமாக இருக்கும் என்பதும், அதை அரசின் ஜிஎஸ்டி தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஜெய்ப்பூரில் எங்களை ஏற்றிக்கொள்ள வந்த டெம்போ டிராவலரில் சொந்த வண்டிகளுக்கான வெள்ளை எண் பலகை இருந்தது. டி போர்டு வண்டி, அகில இந்திய சுற்றுலா அனுமதி உள்ளது என்று எழுத்திலேயே சொல்லியிருந்தார். வந்ததோ ஓன் போர்டு வண்டி. வழியில் அதிகாரிகள் நிறுத்தினால் வண்டிக்காரரின் உறவினர்கள் என்று சொல்லுங்கள் என ஓட்டுநர் கேட்டுக்கொண்டபோது அண்ணன் மறுத்துவிட்டார். மூன்றாம் நாள் சோதனையில் வண்டி இரண்டரை மணி நேரம் நின்றது. அபராதத்தை ஓட்டுநர்தான் கட்டினார். நேரம் போனதைவிட எனக்கு இன்றும் பதைப்பது, வாடகைக்கு ஓட்ட அனுமதியில்லாத வண்டி விபத்துக்குள்ளானால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமிருக்கிறது என்பதுதான். அந்த வண்டியில் குழந்தைகளையும் அம்மாவையும் வைத்து எட்டு நாள் ஓடியிருக்கிறோம்.

பரத்பூரில் ஒரு குறையும் இல்லை. கேவலாதேவ் தேசியப் பூங்கா 29 சதுர கிலோமீட்டர்தான் என்பதால், வாசலில் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறிவிட்டால் ரிக்‌ஷாக்காரரே பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போகிறார். என் மகள் அன்று மாலை வரை வாய் ஓயாமல் பேசினாள். இந்த ஓர் இடத்துக்கு எந்த ஏற்பாட்டாளரும் தேவையே இல்லை.

பெரிய ஏமாற்று, புலியைப் பார்க்கப் போன ரணதம்போர் தேசியப் பூங்காவில் நடந்தது. அங்கே சஃபாரிக்கு பத்து மண்டலங்கள் இருக்கின்றன. ஆறு பேர் உட்காரும் ஜிப்சி என்ற திறந்த ஜீப்பிலோ இருபது பேர் உட்காரும் கேன்டர் என்ற பெரிய திறந்த வண்டியிலோ குறிப்பிட்ட மண்டலத்துக்குள் மட்டுமே போக முடியும். முன்பதிவு ராஜஸ்தான் அரசின் தளத்தில், ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கொடுத்துத்தான் நடக்கிறது. ஒருவர் பெயரில் எடுத்த இடத்தை மற்றவருக்கு மாற்ற முடியாது. உள்ளே போகும்போது அசல் அட்டையைக் காட்ட வேண்டும். எங்கள் திட்டத்தில் முதல் ஐந்து மண்டலங்களுள் ஒன்றில் இரண்டு ஜிப்சி என்று இருந்தது. ஆனால் அதற்காக எங்கள் ஒன்பது பேரின் ஆதார் எண்களை அவர் ஒருமுறையும் கேட்டதில்லை. கேட்காதவர் எப்படி அனுமதி எடுத்திருப்பார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. புறப்படுவதற்கு முந்தைய நாள் நான் சீட்டைக் கேட்டபோது, “காகிதமெல்லாம் அங்க நம்ம ஆளு கையில இருக்குதுங்க அக்கா, நீங்க போய் இறங்குனாப் போதும்” என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

விடியற்காலைக் குளிரில் இரண்டு திறந்த ஜீப்புகள் வந்தன. காட்டுச் சாலையில் ஏறினோம். மான்கள், குரங்குகள், மயில்கள் தெரிந்தன. முக்கால் மணி நேரத்தில் கோட்டையின் அடிவாரத்தில் நிறுத்தி, மேலே திரிநேத்திர கணேசரைக் கும்பிட்டு வாருங்கள், சஃபாரி முடிந்தது என்றார்கள். கோட்டையும் கோயிலும் பூங்காவின் எல்லைக்குள் இருந்தாலும் அங்கே போக சஃபாரி அனுமதி வேண்டியதில்லை; உள்ளூர் மக்கள் நாள்தோறும் போய்வரும் பாதை அது. அந்தக் கோயில் பாதையைத்தான் இரண்டு ஜிப்சிக் கட்டணத்துக்கு எங்களிடம் விற்றிருக்கிறார்கள். முன்பதிவு அலுவலகத்துக்கு ஓடிப்போய்க் கேட்டபோது எங்கள் பெயரில் எதுவுமே பதிவாகவில்லை என்று தெரிந்தது. கிறிஸ்துமஸ் வாரம் என்பதால் கேன்டரில்கூட இடமில்லை. அண்ணன் மகன் ஒன்றும் பேசாமல் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அதே நாள் இரவுத் தங்கல் ஜெய்சல்மேர் என்று திட்டத்தில் இருந்தது. ரணதம்போருக்கும் ஜெய்சல்மேருக்கும் இடையே ஏறக்குறைய 700 கிலோமீட்டர். கோவையிலிருந்து சென்னைக்குப் போவதைவிட 200 கிலோமீட்டர் கூடுதல். சஃபாரி முடித்த பிறகு அவ்வளவு தூரத்தை ஒரே பகலில் எந்த ஓட்டுநரும் பாதுகாப்பாக ஓட்ட முடியாது. வரைபடத்தை ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். இரவு பத்து மணிக்கு ஜோத்பூரோடு நின்று, சொந்தப் பணத்தில் நான்கு அறைகள் எடுத்தோம். அங்கிருந்து இன்னும் 285 கிலோமீட்டர் மீதியிருந்ததால் பாலைவனத்தில் ஓர் இரவு எங்களுக்கு இல்லாமலே போயிற்று.

“பாலைவன தேசியப் பூங்காவுக்குள் கூடாரத் தங்கல், கானமயில் நிச்சயம்” என்று எழுதியிருந்த இடம், சாம் மணல்மேட்டுச் சாலையோரம் வரிசையாக நிற்கும் முகாம்களில் ஒன்று. நள்ளிரவு வரை ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. ஒன்பது பேருக்கு ஐந்து கம்பளிகள்தான் கிடைத்தன. அம்மா ஊரிலிருந்து எடுத்து வந்த சென்னிமலைப் போர்வைகள் இல்லையென்றால் அந்தக் குளிரை எப்படிக் கழித்திருப்போமோ தெரியவில்லை. கானமயிலைப் பற்றி முகாமில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் ஜெய்சல்மேரில் வனத்துறையினரிடம் நாங்களே கேட்டு அனுமதி பெற்று, பாலைவனப் பூங்காவுக்குள் இருக்கும் சுதாசரிக்குப் போனோம். சிங்காரா மான்களையும் பிணந்தின்னிக் கழுகுகளையும் பார்த்தோம்; கானமயில் கண்ணில் படவில்லை. அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர் பரந்தது. இயற்கையில் மிஞ்சியிருக்கும் கானமயில்களோ 150-க்கும் குறைவு. தாழப் பறக்கும் அந்தக் கனமான பறவைகள் மின்கம்பிகளில் மோதிச் சாகின்றன. அப்படிப்பட்ட பறவையை நிச்சயம் காட்டுவோம் என்று எழுதிக் கொடுத்து ஒரு குழந்தையை நம்ப வைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஊர் திரும்பியதும் பாதிப் பணம் தருகிறேன் என்றவர், பொங்கலுக்குப் பிறகு எங்கள் எண்களை எடுப்பதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம்; அதற்கும் பதில் வராததால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் கோவைக்கு அலையாமல் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்.

ஜிபே பதிவுகள், வாட்ஸ்அப்பில் வந்த பயணத் திட்டம், ஜோத்பூர் விடுதி ரசீது ஆகியவற்றை மனுவோடு இணைத்திருக்கிறோம். வண்டியின் எண்ணை நாங்கள் யாரும் குறித்து வைக்கவில்லை. பரத்பூர் வாசலில் என் மகள் ரிக்‌ஷாவை எடுத்த படத்தின் ஓரத்தில் அந்த வெள்ளைப் பலகை தெளிவாக விழுந்திருந்தது. வக்கீல் அதைத்தான் முதல் ஆவணமாக வைத்திருக்கிறார்.