விஎஃப்எக்ஸ் படிக்கப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

விஎஃப்எக்ஸில், அதாவது சினிமாக் காட்சிகளைக் கணினியில் உருவாக்கி மெருகேற்றும் வேலையில், ஒரு வருடப் படிப்பை முடித்துவிட்டு முதல் நேர்காணலுக்குப் போயிருந்தேன். நான் செய்த ஷாட்களின் தொகுப்பான என் ஷோரீலை ஓடவிட்ட காம்ப் லீட், அதாவது தனித்தனிக் காட்சிகளை ஒன்றாக இணைக்கும் காம்ப்பாசிட்டிங் குழுவின் தலைவர், பத்தாவது நொடியிலேயே நிறுத்தி, தன் கணினியில் இருந்த வேறொரு ரீலைத் திறந்து காட்டினார். அதே பெண், அதே பச்சைத் திரை, பின்னால் அதே எரியும் நகரம், புகைகூட அதே மூலையிலிருந்துதான் கிளம்பியது. அப்புறம் இன்னொன்றைத் திறந்தார், அதிலும் அதே ஷாட். மூன்று பேரும் ஒரே பயிற்சி மையத்தில் படித்தவர்கள். "இதுல நீங்க செஞ்சது என்னன்னு மட்டும் சொல்லுங்க" என்று அமைதியாகக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை, ஏனென்றால் வகுப்பில் ஆசிரியர் திரையில் எதை அழுத்தினாரோ அதைத்தான் நாங்கள் இருபது பேரும் வரிசையாக அழுத்தினோம்.

அதோடு விடாமல் ஒரு ரோட்டோ டெஸ்ட்டும் கொடுத்தார், அது அவருடைய நல்ல மனசு. ரோட்டோ என்றால் ஓடும் படத்தில் ஒரு ஆளைச் சுற்றிக் கோடு வரைந்து பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பது. 120 ஃபிரேம், அதாவது நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் வெறும் ஐந்து நொடி, ஒருவர் திரும்பி நடந்து போகிறார். நான் மொத்த ஆளையும் ஒரே ஷேப்பாக வரைந்து ஒவ்வொரு ஃபிரேமிலும் புள்ளிகளை இழுத்து இழுத்து நகர்த்தினேன். ஓடவிட்டால் ஓரமெல்லாம் கொதிக்கிற தண்ணீர் மாதிரி துடித்தது. தலை, கழுத்து, மேற்கை, முன்கை, விரல்கள் என்று தனித்தனி ஷேப்பாகப் பிரிக்க வேண்டும், அசைவு திசை மாறுகிற ஃபிரேம்களில் முதலில் கீ வைத்து, அதாவது அந்த ஃபிரேமில் ஷேப்பின் நிலையைப் பதிவுசெய்து, பிறகு நடுவில் தேவைப்படும் இடத்தில் மட்டும் சேர்க்க வேண்டும். ரோட்டோவில் முதல் வாரம் சொல்லித்தர வேண்டிய விஷயம் இது. ஒரு வருடத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

எப்படி ஏமாந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெமோ வகுப்பை எடுத்தவர் உண்மையிலேயே ஸ்டுடியோவில் வேலை செய்தவர், அவர் பேசிய இரண்டு மணி நேரத்தில் நான் முடிவே செய்துவிட்டேன், வீட்டில் கடன் வாங்கிப் பணம் கட்டினார்கள். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. எங்களுக்கு வந்த ஆசிரியர் அதே மையத்தில் முந்தைய பேட்சில் படித்து முடித்தவர், ஒரு ஷாட்கூட வெளியே செய்ததில்லை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கும் வேலை கிடைக்காமல்தான் அங்கேயே நின்றார். முதல் நான்கு மாதம் போஸ்டர் வடிவமைப்பு, எடிட்டிங் என்று ஓடியது. காம்ப்பாசிட்டிங் வரும் வரும் என்றார்கள், வந்தபோது மெனுவில் எது எங்கே இருக்கிறது என்பதோடு முடிந்தது.

"நூறு சதவீதம் வேலை உறுதி" என்று விளம்பரத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்ட படிவத்தில் இருந்தது "வேலைவாய்ப்பு உதவி". ஒரு நேர்காணலுக்கு அனுப்பினாலே அந்த உதவி முடிந்துவிட்டதாக அவர்கள் கணக்கு. நான் போய்க் கேட்டபோது படிவத்தை எடுத்துக் காட்டினார்கள்.

மென்பொருள் விஷயத்தில் செய்தது இன்னும் மோசம். வகுப்புக் கணினிகள் எல்லாவற்றிலும் கிராக் செய்த நகல்கள், வீட்டிலும் அதையே போட்டுக்கொள்ளச் சொல்லி பென் டிரைவில் கொடுத்தார்கள், அதற்குக் கட்டணத்தில் "மென்பொருள் செலவு" என்று தனியாக ஒரு வரி. காம்ப்பாசிட்டிங் மென்பொருளான நியூக்குக்கு நான்-கமர்ஷியல் பதிப்பு இலவசமாகவே இருக்கிறது, வெளியீடு 1920x1080-க்கு மேல் போகாது, இன்னும் சில கட்டுப்பாடுகளும் உண்டு, ஆனாலும் பழகுவதற்கு அது தாராளம். புகை, நெருப்பு மாதிரி எஃபெக்ட்கள் செய்யும் ஹூடினிக்கு அப்ரெண்டிஸ் பதிப்பு இலவசம், ரெண்டரில் வாட்டர்மார்க் வரும். 3டி மென்பொருளான பிளெண்டர் முழுக்கவே இலவசம், எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்புக்குள்ளேயே காம்ப்பாசிட்டிங் செய்ய ஃபியூஷன் இருக்கிறது. இதில் ஒன்றைக்கூட அந்த ஒரு வருடத்தில் யாரும் வாய்திறந்து சொன்னதில்லை.

பழகக் கொடுத்த பிளேட்களும், அதாவது படம்பிடித்த மூலக் காட்சிகளும், அப்படித்தான். எல்லாமே அழுத்திச் சுருக்கிய எம்பி4 கோப்புகள். அந்த வகைக் கோப்பில் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல்தான் மிஞ்சும், பச்சைத் திரையைக் கீ செய்தால், அதாவது அந்தப் பச்சையை மட்டும் நீக்கினால், முடி ஓரம் படிக்கட்டு மாதிரி உடையும். என் கீயிங் மோசம் என்று மாதக்கணக்கில் என்னையே நொந்துகொண்டேன். ஸ்டுடியோவில் பொதுவாகக் கையாள்வது நிறத் தகவலை அதிகம் வைத்திருக்கும் இஎக்ஸ்ஆர் ஃபிரேம்கள், ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் பதியும் லீனியர் நிறம், அதை நான் முதலில் பார்த்ததே அந்த டெஸ்ட்டில்தான். பிரீமல்ட் ஆன படத்தை, அதாவது நிறம் ஏற்கெனவே ஒளிபுகாமை அளவால் பெருக்கப்பட்ட படத்தை, அப்படியே நிறம் திருத்தினால் ஓரத்தில் கோடு விழும், அந்தப் பெருக்கலை நீக்கி, அதாவது அன்பிரீமல்ட் செய்து, திருத்திவிட்டு மறுபடி பிரீமல்ட் செய்ய வேண்டும் என்பதும், மென்பொருளின் பார்வைத் திரையான வியூவரில் காமாவை ஏற்றி, அதாவது இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கிப் பார்த்தால் ஒட்டிவைத்த பொருளின் கறுப்பு பின்னணியோடு ஒத்துப்போகிறதா என்று உடனே தெரிந்துவிடும் என்பதும், படத்தில் தெரியும் பொடிப்பொடிப் புள்ளிகளான கிரெயின் பெரும்பாலும் நீலச் சேனலில்தான் அதிகம், சேனல் சேனலாகப் பொருத்த வேண்டும் என்பதும் பின்னால் நானே தட்டுத்தடுமாறிக் கற்றவை. பயிற்சிக்கு நல்ல பிளேட் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிளெண்டர் அறக்கட்டளை 2012-இல் வெளியிட்ட 'டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்' குறும்படத்தின் மூலக் காட்சிகளையே யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்த உரிமத்தில் விட்டிருக்கிறார்கள், நான் இப்போது அதில்தான் பழகுகிறேன்.

எந்த மையமானாலும் சேரும் முன் முந்தைய மாணவர்கள் நாலைந்து பேரின் ரீல்களைக் கேட்டு வாங்கி அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒரே ஷாட் இரண்டு ரீலில் வந்தாலே எழுந்து வந்துவிடுங்கள், அந்த ரீலை வைத்துக்கொண்டு உங்களால் எந்த லீட் முன்னாலும் உட்கார முடியாது. டெமோ எடுப்பவரைப் பார்த்து மயங்காமல், வருடம் முழுக்க யார் வகுப்பெடுப்பார், அவர் வேலை செய்த ஷாட்களைக் காட்டுவாரா என்று கேளுங்கள். மாணவர் செய்த ஷாட்டை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்துக் குறிப்பு தருவார்களா, திருத்தித் திரும்பக் கொண்டுவரச் சொல்வார்களா என்றும் கேளுங்கள். எனக்கு இது ஒன்று கிடைத்திருந்தால்கூட மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். "சர்டிபிகேட் உண்டு" என்பதற்கெல்லாம் மதிப்பே வைக்காதீர்கள், நான் போன எந்த நேர்காணலிலும் அதை யாரும் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

வேலை உறுதி என்று வாயால் சொன்னால் அதே வார்த்தையைப் படிவத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஏற்கெனவே சேர்ந்து முதல் வாரத்தில் இருப்பவர்கள் படிவத்தின் பின்பக்கத்தை இன்று இரவே எடுத்துப் படியுங்கள், கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். என் படிவத்தில் ஏழு நாள் என்று இருந்தது. நான் அதைப் படித்தபோது எட்டு மாதம் ஆகியிருந்தது.